மாதா தேனீயும் பெட்டித் தேனீயும்

யாருடைய பெயரையும் இதில் எழுதப்போவதில்லை. பாதிப்பேர் செத்துப்போனார்கள், மீதிப்பேரோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. நாயின் பெயரைக்கூட எழுதமாட்டேன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வாலை மட்டுமல்ல, இடுப்பையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு ஓடிவரும். அதை எழுதினால் மறுபடி எனக்கு வயிறு எரியும். எரிந்தது போதும்.

அறுபதுகளில் கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்தவள் நான். சொந்த ஊர் தெற்கே, நாகர்கோவிலுக்கும் அப்பால். என் வீட்டுக்காரர் ராயபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அரிசி பருப்போடு மண்ணெண்ணெய், கயிறு, ஆணி, பூட்டு, தூண்டில் முள் வரைக்கும் அங்கே கிடைக்கும். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரத்தோடு சின்ன முற்றம். தெருவில் மற்ற எல்லோரும் கத்தோலிக்கர்கள். ஆண்கள் துறைமுகத்துக்கோ ரயில்வேக்கோ வேலைக்குப் போவார்கள், சில குடும்பங்களுக்குக் கட்டுமரம் இருந்தது. நாங்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் வேறு சபை, மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றாத சபை. அதெல்லாம் ஒரு பொருட்டா என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். அவர்களுக்குத் தேவைப்படும்வரை அது பொருட்டாக இல்லைதான்.

கல்யாணத்துக்கு என் அப்பா பாத்திரம், கட்டில், பீரோ என்று கொடுத்ததெல்லாம் புகுந்த வீட்டுச் சாமானாகிவிட்டது. எனக்கென்று நான் கேட்டு வாங்கி வந்தது ஒரு தேன்பெட்டி. எங்கள் பக்கம் ஆடு கோழி வளர்ப்பதுபோல அதையும் வளர்ப்பார்கள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பெட்டியின் வாசலுக்குக் கம்பிவலை அடித்து, ஈரச்சாக்கைச் சுற்றி ரயிலில் மடியருகே வைத்துக்கொண்டு வந்தேன். உள்ளே என்ன என்று எதிர் சீட்டில் இருந்த பெரியவர் கேட்டார். உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். மனுஷன் திருச்சி வரும்வரை காலைத் தரையில் வைக்கவில்லை. இறங்கும்போது மட்டும் குனிந்து, "ஏம்மா, சுத்தமான தேன் இருந்தா ஒரு பாட்டில் கிடைக்குமா?" என்றார்.

ராயபுரமும் அதே கதைதான். குழந்தைக்கு இருமல் என்றால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். பிறந்த பிள்ளைக்கு நாக்கில் தடவ வேண்டும் என்று வருவார்கள். வெல்லப்பாகு கலக்கவில்லையே என்று முகர்ந்தும் பார்ப்பார்கள். கிண்ணம் நிறைந்த கையோடு, "இந்தச் சனியனை எதுக்குமா வூட்டுல வெச்சினு கீறே, கொட்டுனா உசுரு பூடுமாமே" என்பார்கள். குளவி கொட்டினாலும் என் தேனீ, கட்டெறும்பு கடித்தாலும் என் தேனீ. ஒரு பையனுக்குக் கண்ணில் கட்டி வந்தபோது அவன் அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தாள். கண்கட்டி என்று டாக்டர் சொன்ன பிறகும் என்னைப் பார்த்தால் முந்தானையால் பையன் முகத்தை மூடிக்கொண்டு போவாள்.

இதற்கெல்லாம் நடுவில் எனக்கு ஆறுதலாக இருந்தது பக்கத்து வீட்டு அக்காதான். அவள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார், தெருக்கோடி மாதா கோயிலின் திருவிழாக் கமிட்டியில் முக்கியமான ஆள். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைக்குப் பதிலாக ஒரு கறுப்பு நாய் இருந்தது. வாங்கிவந்த மீனில் நடுத்துண்டம் நாய்க்கு, தலையும் வாலும் புருஷனுக்கு. அதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் முற்றத்துக்கும் அவர்கள் முற்றத்துக்கும் நடுவே இருந்த சுவரில் கீழ்ப்பக்கம் செங்கல் பெயர்ந்து ஒரு பொந்து இருந்தது. நான் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த முதல் வாரமே நாய் அந்தப் பொந்து வழியாக வந்து பெட்டி வாசலில் மூக்கை வைத்தது. ஒன்று நன்றாகக் கொடுத்தது. மூஞ்சி ஒரு பக்கம் பன் மாதிரி உப்பிவிட்டது. அக்கா சண்டைக்கு வரப்போகிறாள் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் வந்து நாயைப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாமே, இவன் மூஞ்சி எங்க மாமியா மூஞ்சி கணக்கா ஆயிப்போச்சே! வேணும்டா உனுக்கு. அடுத்தவன் வூட்டு வாசப்படியில மூக்க நொழைப்பியா?"

கொடுக்கை நகத்தால் வழித்து எடுத்துச் சுண்ணாம்பு தடவினோம். அதற்குப் பிறகு அந்த நாய்க்கும் என் தேனீக்களுக்கும் ஒரு தகராறும் இல்லை. எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டியின் ஸ்டாண்டு கால்கள் நான்கையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருப்பேன். அந்தத் தண்ணீரைத் தேனீயும் குடிக்கும், நாயும் குடிக்கும். வெயில் காலத்தில் ஸ்டாண்டுக்கு அடியில் ஈரமண் குளுகுளுவென்று இருக்கும். அங்கேதான் அது மத்தியானம் முழுக்கத் தூங்கும். தலைக்குமேலே தேனீக்கள் போவதும் வருவதுமாக இருக்கும், காதைக்கூட ஆட்டாது. ஒரு பெட்டி இரண்டானது, இரண்டு மூன்றானது, நாய் இடம் மாறவில்லை. நான் அக்காவிடம் சொன்னதெல்லாம் ஒன்றுதான். தேனீ இருக்கிற இடத்தில் நாயைக் கட்டிப்போடக்கூடாது. அவிழ்ந்து கிடக்கிற நாய்க்கு ஒரு கொட்டு கிடைத்தால் ஓடிவிடும், கட்டிக் கிடக்கிற நாய் எங்கே ஓடும்? "எங்க ராசாவ நான் எதுக்குமே கட்டப்போறேன்" என்பாள் அக்கா.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் கட்டுவாள். திருவிழா அன்று. வேட்டுச் சத்தம் கேட்டால் நாய்கள் மிரண்டு ஓடி கூட்ஸ் தண்டவாளத்தில் அடிபட்டுச் செத்துவிடும் என்பதால், அன்றைக்குத் தெருவில் நாய் வைத்திருந்த எல்லோரும் காலையிலேயே கட்டிவிடுவார்கள். அது அங்கே நெடுநாள் வழக்கம், அவர்கள் நல்லதற்குத்தான் செய்தார்கள்.

இப்போது மாதா தேனீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருக்கோடியில் இருந்தது வட்டாரத்துக்கெல்லாம் பொதுவான பெரிய பங்குக்கோயில் அல்ல, சின்னக் கோயில்தான். ஆனால் கோபுரம் மட்டும் உயரமாகக் கட்டியிருந்தார்கள். கோபுரத்தில் மணிக்குக் கீழே ஒரு விளிம்பு. தை மாதம் பிறந்தால் அங்கே மலைத்தேனீ வந்து முறம் அகலத்துக்குக் கூடு கட்டித் தொங்கும். மே மாதக் கடைசியில் திருவிழா முடிந்து கொஞ்ச நாளில் போய்விடும். பூக்கிற காலத்தில் வருகிறது, காய்ந்ததும் கிளம்புகிறது, அவ்வளவுதான் விஷயம். தெரு அதற்கு வேறு கணக்கு வைத்திருந்தது. மாதா திருவிழா பார்க்க வருகின்றன, மாதாவுக்கு மெழுகுவர்த்திக்கு மெழுகு கொண்டுவருகின்றன, திருவிழா முடிந்ததும் ஊர் திரும்புகின்றன. வெள்ளையடிக்கிறவன்கூட அந்த விளிம்பை மட்டும் விட்டுவிட்டு அடிப்பான். கோபுரத்தில் அந்த இடம் அழுக்காகவே இருக்கும். அந்த அழுக்கைப் பார்த்துப் பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

என் பெட்டித் தேனீ சின்னது, சாது, சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. மலைத்தேனீ அதைப்போல இரண்டு மடங்கு நீளம், கோபம் வந்தால் கூட்டத்தோடு துரத்தும், ஒருவனை விடாமல் துரத்தும். எங்கள் ஊரில் மலைத்தேனீ கூடு இருக்கிற பாறைப்பக்கம் சுருட்டுப் பிடித்துக்கொண்டுகூடப் போகமாட்டார்கள். இங்கே சாதுவைச் சனியன் என்றார்கள், துரத்துகிறதைக் கும்பிட்டார்கள்.

அதனாலும் ஒரு கெடுதலும் வராமல்தான் இருந்தது. ஏனென்றால் அதிர்வேட்டு வைப்பது கடற்கரை மணலில், கோயிலிலிருந்து வெகு தூரம். ஆனால் துறைமுகத்துக்கு வடக்கே கடல் வருஷா வருஷம் கரையைத் தின்றுகொண்டே வந்தது உங்களில் சிலருக்காவது தெரியும். நான் வந்தபோது வலை உலர்த்தின மணல், பிறகு அலை அடிக்கிற இடமாகிவிட்டது. எழுபதுகள் தொடங்கிய சமயத்தில் ஒரு திருவிழாவுக்கு வேட்டு வைக்க மணலே இல்லை. கோயில் முற்றத்திலேயே, கோபுரத்துக்கு அடியிலேயே வேட்டுக் குழாய்களைப் புதைப்பது என்று கமிட்டி முடிவு செய்தது. பொறுப்பு அக்காவின் வீட்டுக்காரருக்கு.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைக்கு பீடி வாங்க வந்தவரிடம் நானே உள்ளேயிருந்து வந்து சொன்னேன்.

"அண்ணே, கூட்டுக்கு அடியில வேட்டு போடாதீங்க. அது கலைஞ்சா தெருவையே ஒரு வழி பண்ணிரும். வேற எங்கேயாவது வைங்கண்ணே."

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிரித்தார். "தங்கச்சி, நீ வேற சபை, உனுக்கு இது தெரியாது. அது மாதா தேனீ. எத்தினி வருசமா வந்துகினு கீது, ஒர்த்தன கொட்டிக்கீதா? மாதாவுக்கே வேட்டுன்னா குஷி, அவளோட தேனீக்கு மட்டும் ஆவாதா?"

என் வீட்டுக்காரர் கல்லாவிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த அண்ணன் போன பிறகு, "ஏட்டி, அவங்க கோயிலு, அவங்க வேட்டு. நமக்கு எதுக்கு?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவரோடு வாழ்வது கெட்டவரோடு வாழ்வதைவிடச் சிரமம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

திருவிழா அன்று காலை பெரிய பூசை. தெருவில் பாதிப்பேர் கோயிலுக்குள், மீதிப்பேர் சமையலில். அக்கா பிரியாணி கிளறிக்கொண்டிருந்தாள், முற்றத்துக் கல்தூணில் நாயைச் சங்கிலியால் கட்டியிருந்தாள். பூசை முடிந்து மணி அடித்ததும் முதல் வேட்டு வெடித்தது. என் அடுக்களையில் பாத்திரங்கள் குலுங்கின. இரண்டாவது வேட்டுக்கும் மூன்றாவது வேட்டுக்கும் நடுவில் அந்த இரைச்சல் எனக்குக் கேட்டுவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோபுரத்திலிருந்து கறுப்பாக ஒன்று பிய்ந்து கீழே கொட்டியது.

தெருவில் ஒரே ஓட்டம், அலறல். கதவுகள் படார் படாரென்று மூடிக்கொண்டன. ஆட்கள் எல்லோருக்கும் கதவு இருந்தது, நாய்க்குத்தான் இல்லை. அது குரைத்தது, பிறகு ஊளையிட்டது, பிறகு ஒரு சத்தம் போட்டது, அதற்கு எனக்கு வார்த்தை தெரியாது. கறுப்பு ரோமம் என்றால் தேனீக்குக் கோபம் அதிகம். குரைக்கக் குரைக்க இன்னும் வந்து மொய்த்தன. நான் கோணிச்சாக்கைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கித் தலையோடு போர்த்திக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாக அவர்கள் முற்றத்துக்கு ஓடினேன். அக்கா வீட்டு ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் ஓடியதைப் பார்த்தாள். கோபுரத்தையும் பார்த்தாள், அந்த ஜன்னலிலிருந்து நேரே தெரிவது அதுதான்.

சங்கிலிக் கொக்கி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நாய் இழுத்த இழுப்பில் இன்னும் இறுகியிருந்தது. கை முழுக்கக் கொட்டு விழ விழ எப்படியோ கழற்றிவிட்டேன். அதற்குக் கண் தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே போய்ப் பொந்துக்குள் நுழைந்து, எங்கள் முற்றத்துக்கு வந்து, வழக்கமாகப் படுக்கிற இடத்தில், என் பெட்டிகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அங்கேயே உயிரை விட்டது.

கதவுகள் திறந்து ஜனங்கள் வெளியே வந்தபோது பார்த்தது அதைத்தான். தேன்பெட்டி, அதற்கு அடியில் செத்த நாய், பக்கத்தில் முகம் கை எல்லாம் வீங்கி உட்கார்ந்திருக்கும் நான். இதற்குமேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும்? "வளத்தவளையே வுடல பாரு" என்றாள் ஒருத்தி. நாய்க்கு மேலே இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த செத்த தேனீக்களை நான் பொறுக்கிக் கையில் வைத்துக் காட்டினேன். பக்கத்திலேயே என் பெட்டி ஈ ஒன்றையும் பிடித்து வைத்தேன். இது பெரிது, இது சிறிது, கண்ணால் பாருங்கள் என்று கத்தினேன். யாரும் குனியக்கூட இல்லை. "தேனீன்னா தேனீதாம்மா, அதுல இன்னா பெரிசு சின்னது" என்று கமிட்டியில் ஒருவர் முடித்துவிட்டார்.

அக்காவின் வீட்டுக்காரரும் முகத்தில் இரண்டு கொட்டோடு வந்து நின்றார். கோபுரத்துக்கு அடியில் திரி வைத்தவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாதா? அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்து, "நீ வூட்ல தானே இருந்தே? எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தியா?" என்று கேட்டார்.

அக்கா நாயின் தலையை மடியில் வைத்திருந்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அழுதுகொண்டே சொன்னாள்: "நான் கதவ சாத்திக்கினேன். இன்னாத்த பாத்தேன்?"

இன்றைக்கு வரைக்கும் என்னால் அதை விழுங்க முடியவில்லை. நாய் போன துக்கம் என்று முதலில் நினைத்தேன். புருஷனைக் காப்பாற்றினாள் என்று பிறகு நினைத்தேன். மாதாவைக் காப்பாற்றுவதாக அவள் நினைத்திருக்கலாம். எந்தக் காரணத்தைப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை.

செத்த ஈக்களை ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு அன்றைக்கு மத்தியானமே கோயில் சாமியாரிடம் போனேன். வீங்கின முகத்தோடு வேறு சபைக்காரி வந்து நிற்பதைப் பார்த்து அவர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனிதர். தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார். "மலைத்தேனீ" என்று அவரே சொன்னார். எனக்குப் போன உயிர் வந்தது.

"அப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. என் பெட்டிகள எரிக்கணும்னு பேசிக்கிறாங்க."

அவர் தீப்பெட்டியை மூடி மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். "அம்மா, சாயங்காலம் தேர் கிளம்பணும். இப்ப போய் நான் கோயில் தேனீதான் கொட்டுச்சுன்னு சொன்னா ஜனங்க மனசு என்ன பாடுபடும்? கொஞ்சம் பொறுத்துக்குங்க. பெட்டி வேற வாங்கிக்கலாம்."

வேறு வாங்கிக்கொள்ளலாமாம். பூட்டிய வீட்டுக்கு வேறு சாவி வாங்குவதுபோலச் சொன்னார்.

சாயங்காலம் கமிட்டி ஆட்கள் வந்தார்கள். நாளைக் காலை ரயிலில் ஊருக்கே அனுப்பிவிடுகிறேன், ஒரு ராத்திரி மட்டும் விடுங்கள் என்று கெஞ்சினேன். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. தேர் வருவதற்குள் தெரு சுத்தமாக வேண்டும் என்றார்கள். அப்போது என் வீட்டுக்காரர் பேசினார். எனக்காகத்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் பொறுங்க. வெளிய மேயப்போனதெல்லாம் பொழுது சாயும்போதுதான் உள்ள வரும். இப்ப கொளுத்தினா பாதி தப்பிச்சிரும்" என்றார்.

அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். கல்யாணமான புதிதில், முற்றத்தில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பொழுது சாய்கிற நேரத்தில் ஒவ்வொன்றாக வீடு திரும்புவதைக் காட்டிச் சொன்னேன். அப்போது அவர் ஆச்சரியப்பட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மறக்காமலும் வைத்திருந்தார்.

எல்லாம் உள்ளே வரும்வரை எல்லோரும் நின்றார்கள். பிறகு அவரே கடைக்குள் போய் மண்ணெண்ணெய் டின்னை எடுத்துவந்து கொடுத்தார். வாசல் ஓட்டையில் களிமண் அப்பினார்கள். மூன்று பெட்டிக்கும் ஊற்றினார்கள். உள்ளே முதலில் ஒரு உறுமல் எழுந்தது, பிறகு மெழுகு உருகி ஒழுகியது, தேன் கருகுகிற வாசனை தெரு முழுக்கப் பரவியது. சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு பிள்ளை, "அம்மா, இனிப்பு வாசன வருது" என்றது. கொஞ்ச நேரத்தில் தேர் வந்தது. கோபுரத்து விளிம்பில் மாதா தேனீக்கள் திரும்ப வந்து அடைந்து, முன்போலவே தொங்கிக்கொண்டிருந்தன. பெண்கள் அண்ணாந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"கடை நடத்தணுமா வேண்டாமாட்டி?" என்று என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு பலமுறை என்னிடம் கேட்டார். நான் எழுந்து முருங்கை மரத்தடிக்குப் போய்விடுவேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் அக்கா வேறு ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தாள். செம்பழுப்பு நிறம். எனக்கும் அவளுக்கும் பேச்சு குறைந்துபோயிருந்தது, கடைக்கு வந்தால் கேட்டதை எடுத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான். சுவர்ப்பொந்தை அவள் வீட்டுக்காரர் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். ஆனால் குட்டிக்கு என்ன தெரியும்? தெருவழியாக ஓடிவந்து, கடைக்குள் புகுந்து, என் கால் பெருவிரலைக் கடித்து இழுக்கும். வேண்டாம் வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை, பிடித்துவிட்டது.

மறுவருஷத் திருவிழாவும் வந்தது. மணல் இன்னும் போயிருந்தது. வேட்டு மறுபடி கோபுரத்துக்கு அடியில்தான். மாதா தேனீயும் மறுபடி வந்து முறம் அகலத்துக்குத் தொங்கியது. காலையில் மாடியில் துணி காயப்போட ஏறியபோது பார்க்கிறேன், அதே கல்தூண், அதே சங்கிலி, புது நாய்.  போய்ச் சொன்னால் கேட்பார்களா? என் பேச்சுக்கு என்ன மரியாதை என்றுதான் ஊருக்கே தெரியுமே.

பெரிய பூசைக்கு எல்லோரும் போன நேரம் பார்த்து, பின்பக்கச் சந்து வழியாக அவர்கள் முற்றத்துக்குள் போனேன். கொக்கிக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள், சட்டென்று கழன்றது. தண்டவாளப் பக்கம் போய்விடக்கூடாது என்று அதைக் கழுத்தைப் பிடித்தே கடல்பக்கம் கூட்டிப்போய், அலையைத் தடுக்கக் கொட்டியிருந்த கற்குவியல் அருகே விட்டேன். முதல் வேட்டு வெடித்ததும் அது வாலைச் சுருட்டிக்கொண்டு வடக்கே பறந்தது. நான் ஒரு படகு மறைவில் உட்கார்ந்து இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தேனீ போன வருஷத்தைப் போலவேதான் இறங்கியிருந்தது. இந்தத் தடவை கதவு எங்கே இருக்கிறது என்று ஜனங்களுக்கு ஞாபகம் இருந்தது. பேண்டு வாத்தியக்காரர்களில் கிளாரினெட் வாசிக்கிறவர் மட்டும் மாட்டிக்கொண்டார், தலையெல்லாம் கொட்டு. பெட்டிச் சனியன் எதுவும் இப்போது தெருவில் இல்லையே, இப்போதாவது சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். சொன்னார்கள். "அவன் குடிச்சிட்டு வந்து மாதா பாட்டு வாசிச்சான். மாதா சும்மா வுடுவாளா?" என்றார்கள்.

சாயங்காலம் நாய் நனைந்த உடம்போடு, வாயில் ஒரு மீன் எலும்போடு திரும்பி வந்தது. ஒரு கொட்டு இல்லை. அக்கா அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். கடையில் கூட்டம். ஒரு வருஷம் கழித்து முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"பாத்தியாமே? உன் பொட்டி போனப்புறம் நாய்க்கு ஒண்ணுமே ஆவல. சங்கிலி தானா அவுந்து கெடந்துச்சு. மாதாதான் அவுத்து வுட்டா."

கடையில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு வருஷம் அடக்கிவைத்ததெல்லாம் வாய்வரை வந்துவிட்டது.

"மாதா இல்லக்கா. நான்தான் அவுத்துவிட்டேன். போன வருஷமும் நான்தான் அவுத்துவிட்டேன், நீங்க ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தீங்க. ரெண்டு வருஷமும் அது எங்கேருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்."

"ஏட்டி, உள்ள போ" என்றார் என் வீட்டுக்காரர்.

 அக்கா கண்ணில் தண்ணீர் வந்தது, அதை நான் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவாள் என்றே நம்பினேன். கூட்டம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் நாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"எங்க வூட்ல ஆளில்லாதப்போ நீ எதுக்குமே உள்ள வந்தே?" என்றாள்.

மறுநாள் காலையில் மறுபடி கடைக்கு வந்தாள். நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், என்ன கேட்டாள் என்று முதலில் காதில் விழவில்லை. எட்டிப் பார்த்தபோது என் வீட்டுக்காரர் அலமாரியிலிருந்து ஒரு பித்தளைப் பூட்டை எடுத்து, திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தார். நாய்ச் சங்கிலிக்கு இந்த அளவு போதும் என்று சொன்னார். பூட்டோடு இரண்டு சாவி வரும். ஒன்றை மட்டுமாவது அவர் டப்பாவிலேயே மறந்து விட்டுவிடமாட்டாரா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டையும் எடுத்து, நூலில் கோத்து, அவள் கையில் கொடுத்தார்.